புளி போட்டு விளக்கிய கிண்ணம்

ஈஸ்வரி விளக்கிய பாத்திரத்தில் பொட்டுக் கறை இருந்ததாக ஜவ்வாது மலையில் ஒருத்தரும் சொன்னதில்லை. அமிர்தியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாளே மாமியார் கரிப்பிடித்த சட்டியை எல்லாம் அவள் முன்னால் அடுக்கினாள். அன்று வாங்கிய நல்ல பெயர், நாற்பத்தெட்டு வயதுவரை கூடவே வந்தது. அதுதான் கடைசியில் காலை வாரிவிட்டது.

அருணகிரி ஐயா ஜப்பானில் வேலை பார்த்தவர். சீனா, கொரியா, ஜப்பான் என்று வாங்கிச் சேர்த்த ஜாடி, தட்டு, ஓவியமெல்லாம் வைத்து மலையில் சொந்தமாக ஒரு மியூசியம் கட்டியிருந்தார். அங்கே ஈஸ்வரிக்கு ஏழு வருஷமாகத் துப்புரவு வேலை. கண்ணாடி அலமாரிக்குள் மட்டும் அவள் கை வைக்கக் கூடாது. அதன் சாவி, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் ரம்யாவிடம் இருக்கும்.

நடு அலமாரியில் ஒரு கொரியத் தேநீர்க் கிண்ணம். உள்ளே முழுக்கப் பழுப்புக் கறை. சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாள் அதைக் குனிந்து பார்த்து முகம் சுளித்தபோது ஈஸ்வரிக்கு உடம்பே கூசிப்போனது. கழுவாத பாத்திரத்தை நடுவீட்டில் வைத்து விருந்தாளியைக் கூப்பிட்டால் எந்தப் பொம்பளைக்குத்தான் பொறுக்கும்?

திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை, தூசி தட்ட ஈஸ்வரியும் ரம்யாவும் மட்டும் வருவார்கள். ரம்யா சாப்பிடப் போனதும் மேஜைமேல் கிடந்த சாவியை ஈஸ்வரி எடுத்தாள். வீட்டு மரத்துப் புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்து, சாம்பல் தொட்டுத் தேய்த்தாள். கிண்ணம் வெள்ளை வெளேரென்று வந்தது. பாராட்டுவார்கள் என்றே நினைத்தாள், பாவி.

மறுநாள் ஐயா அந்தக் கிண்ணத்தோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருநூறு வருஷம் டீ ஊத்தி ஊத்தி ஏறின நெறம். அதுக்காகத்தானே இதை வாங்கினேன்! யார் கழுவுனது?"

சாவி யாரிடம் இருந்தது? ரம்யாவிடம். ரம்யா ஈஸ்வரியைப் பார்த்தாள். ஈஸ்வரி துடைப்பத்தைப் பார்த்தாள். நான்தான் என்று ஒரே வார்த்தை. அதைச் சொல்லாமல் வாசல் கூட்டப் போய்விட்டாள். ரம்யாவை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அதோடு போயிற்றா? மூன்றாம் நாள் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து ஈஸ்வரி கையிலேயே கொடுத்தார். "இனிமே நீயே வெச்சுக்கம்மா. உன்னை நம்பலாம்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. "நாந்தாங்கய்யா. புளி போட்டு நாந்தாங்க கழுவிட்டேன்" என்று உடைந்து அழுதாள்.

கிண்ணத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப அந்தப் பொண்ணு?" என்றார். "போய்த் திரும்ப வரச்சொல்லு."

அன்றைக்கே ரம்யாவின் ஊரான நெல்லிவாசல்நாட்டுக்கு ஜீப் ஏறினாள். ரம்யா வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ஐயா திரும்ப வரச்சொல்கிறார் என்பதை ஈஸ்வரி முதலில் சொன்னாள். நான்தான் கழுவினேன் என்பதை மென்று விழுங்கிக் கடைசியில் சொன்னாள்.

"தெரியும்க்கா" என்றாள் ரம்யா, முறத்தை நிறுத்தாமல். "நான் சாப்ட்டு வந்தப்பவே உன் கையில புளி வாசன அடிச்சுது."

"அப்ப இன்னாத்துக்குடி ஐயாகிட்ட சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துனு இருந்தேன்."

ஈஸ்வரி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.