சூடு அறியும் தகடு

கள்ளக்குறிச்சியில் பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டு மிக்ஸி புகைந்தாலும் சரி, கிரைண்டர் முக்கி முனகி நின்றுபோனாலும் சரி, பெண்கள் வாயில் முதலில் வருகிற பெயர் மெகருன்னிசா. ஆண்களில் பாதிப் பேர் குவைத்திலும் சவூதியிலும் இருக்கிற தெரு அது. வேற்றாள் மெக்கானிக்கை வாசலோடு நிறுத்திவிட வேண்டிய வீடுகள். அவளானால் புர்காவுக்குள் ஒரு துணிப்பையை இடுக்கிக்கொண்டு நேரே சமையற்கட்டுவரை போவாள். பையில் திருப்புளி, கொறடு, கறுப்பு டேப், தேய்ந்த பல் பிரஷ் ஒன்று. மிஷினைத் தொடுமுன் பிஸ்மில்லா சொல்வாள். அதற்கும் முன்னால், பிளக்கைப் பிடுங்கியாச்சா என்று கேட்பாள். பிடுங்கியாச்சு என்று சொன்னாலும் நம்பாமல் தானே போய்ப் பார்ப்பாள்.

இந்த வேலையை அவள் எங்கும் போய்ப் படித்ததில்லை. எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில், இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்த அந்த மறியல் வாரத்தில், ஒரு பகல் பொழுதில் அது அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

அவளுடைய அப்பா முகம்மது கவுஸ் கல்வராயன் மலைச் சரக்கு வியாபாரி. கடுக்காய், தேன், புளி என்று மலையிலிருந்து இறங்குவதையெல்லாம் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். மகளைச் சங்கராபுரத்தில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததும் அவள் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள். தம்பி சர்புதீன் குவைத்தில் வேலை பார்த்தான். அங்கே ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் துணி காயவைக்கும் மிஷினை மலிவாக வாங்கிக் கப்பலில் போட்டு அனுப்பினான். மிஷின் வந்து இறங்கிய நாளில் தெருவே சிரித்தது. "நம்மூர்ல இன்னா வெயிலுக்கா பஞ்சம்? காசு குடுத்து வாங்கி அனுப்பிக்கிறான் பாரு!" தண்ணீர் சூடு பண்ணும் ஹீட்டருக்காகப் பெரிய பிளக் போட்டிருந்தது உள்ரூமில் மட்டுந்தான். ஆகவே அந்த வெள்ளைப் பெட்டி அங்கேயே சுவரோரம் உட்கார்ந்தது. அதன் தலைமேல் கொஞ்ச காலம் ஊறுகாய் ஜாடிகள் இருந்தன.

அந்தப் புரட்டாசியில் சர்புதீனின் மனைவி அப்சானாவுக்கு எட்டாம் மாசமே வலி கண்டுவிட்டது. பிறந்தது பெண். உள்ளங்கையில் ஏந்தினால் விரல் நுனிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே அடங்கிவிடுமோ என்று தோன்றுகிற அளவு. அழக்கூடத் தெம்பில்லாமல் உதட்டை மட்டும் கோணியது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரம்மா, பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். சொல்லிவிட்டு அவரே ஜன்னல் பக்கம் பார்த்தார். எந்த ரோட்டில் போவது? உளுந்தூர்பேட்டைக்குச் சரக்கோடு போன கவுஸே திரும்பி வர வழியில்லாமல் அங்கே ஒரு லாட்ஜில் கிடந்தார்.

"ரோடு தொறக்கற வரைக்கும் இந்த ரூமைவிட்டு அசைக்காதீங்க. சூடு கொறையவே கூடாது. ஈரம் பட்ட ஒடனே துணி மாத்தணும், மாத்தற துணி வெதுவெதுன்னு இருக்கணும். காலத் தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தா எனக்கு ஆள் அனுப்புங்க. ஒண்ணு சொல்லிட்டேன், புகை போடாதீங்க. இந்த மூச்சுக்குப் புகை தாங்காது."

வெளியே அடைமழை. மலை இருக்கிற திக்கே தெரியாமல் மேகம் இறங்கிக் கிடந்தது. கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. ஜாடிகளை இறக்கி வைத்துவிட்டு மெகருன்னிசா அந்தப் பெட்டியை ஓட்டினாள். கண்ணாடிக் கதவுக்குள் துணி புரண்டு புரண்டு விழுந்தது. எடுத்தபோது ஒவ்வொரு துண்டும் அப்போது சுட்ட ரொட்டிபோல உள்ளெல்லாம் சூடாக இருந்தது. சிரித்த தெருப்பெண்களே வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "அல்லா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை உருளை சுற்றியது, காற்று வந்தது, சூடு மட்டும் வரவில்லை. குமிழைத் திருகிப் பார்த்தாள், நிறுத்திப் போட்டாள், தட்டினாள். பச்சைக் காற்று. இஸ்திரிப் பெட்டியால் துணியைத் தேய்த்துக் கொடுத்தாள். மேலே சுட்டது, குழந்தைமேல் போடுவதற்குள் உள்ளே இருந்த ஈரம் மேலேறிக் குளிர்ந்தது. மதியத்துக்கு முன் அப்சானா குழந்தையின் பாதத்தைத் தொட்டுவிட்டு, "ஆபா, நேத்து மாதிரி இல்ல" என்றாள் நாத்தனாரிடம். குழந்தையை ரவிக்கைக்குள் அணைத்துக்கொண்டாள்.

வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சரக்கோடு இறங்கி, பஸ் நின்றுபோனதால் இங்கேயே தங்கிவிட்ட இருசம்மாள். அவள்தான் மழையில் ஓடி, பஸ் ஸ்டாண்டு ரேடியோக் கடை தனசேகரனை அழைத்து வந்தாள். கடையடைப்பு, அவனும் சும்மாதான் இருந்தான். உள்ரூம் வாசலில் திரை தொங்கியது. பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாதவள் இருக்கிற அறை, வேற்றாண் நுழையக் கூடாது. அவன் திரைக்கு வெளியே நின்று குடையைச் சுருக்கினான்.

"மிஷின வெளிய எடுத்தாந்துடுங்கம்மா, பாத்துடறேன்."

"அத்தத் தூக்க நாலு ஆம்பள வோணுங்க. நாலு பேர உள்ள வுட்டுட்டா அப்பறம் திரை எதுக்கு?" என்றாள் மெகருன்னிசா உள்ளிருந்து.

"செரி, அந்த அம்மாவக் கொஞ்சம் பக்கத்து ரூமுக்கு..."

"கொழந்தைய அசைக்கக் கூடாதுன்னுக்கிறாங்க டாக்டரம்மா."

அவன் யோசித்தான். "நா வேணா கண்ண மூடிக்கினு வரட்டுங்களா?"

"ஏன், கண்ண மூடிக்கினு கரண்டுல கைய வெச்சிட்டுச் சாவறதுக்கா?" என்றாள் இருசம்மாள். "அந்த எழவ வேற யாரு பாக்கறது?"

உள்ளே அப்சானாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் தனசேகரனே சொன்னான். "செரிம்மா. நீங்க பாத்துச் சொல்லுங்க, நா இன்னா பண்றதுன்னு சொல்றேன். ஆனா ஒண்ணு, இந்த மிஷின நா பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. இன்னாதான் பண்ணும் அது?"

"துணிய உருட்டும். சூடு காத்து வுடும். சூடு ஜாஸ்தியானா அதுவே நிறுத்திக்கும்."

"அடேங்கப்பா! கிரைண்டரு, டேபிள் ஃபேனு, இஸ்திரிப் பொட்டி மூணையும் ஒரே பொட்டில அடச்சிக்கிறானா? அப்ப இஸ்திரிப் பொட்டி பாகத்துலதான் கோளாறு. மொதல்ல பிளக்கப் புடுங்குங்கம்மா. புடுங்கி என் கைல குடுங்க. நா புடிச்சிக்கினு இருந்தாத்தான் எனக்கு மனசு நிக்கும்."

ஒயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை. இருசம்மாள் பிளக்கைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரைக்கடியில் திருப்புளி வந்தது. மெகருன்னிசா பின்பக்கத் தகரத்தைக் கழற்றினாள். ஒரு திருகாணி உருண்டு பெட்டிக்கடியில் போய்விட்டது. உள்ளே அவள் நினைத்தமாதிரி ஒன்றுமே இல்லை. ஒரு பெரிய தகரக் குழாய், அதற்குள் சுருள் கம்பி, சிவப்பும் நீலமுமாகச் சில ஒயர்கள். இவ்வளவுதானா? இதை நம்பியா அந்தச் சின்ன உயிர் கிடக்கிறது?

அடுத்து ஒரு டார்ச் பல்பு வந்தது, இரண்டு பேட்டரிக் கட்டையோடு ஒயர் வைத்து ஒட்டியது. "ரெண்டு மொனையையும் ஒவ்வொரு சாமானோட ரெண்டு பக்கமும் தொட்டுப் பாருங்க. எரிஞ்சா அது நல்லா கீது."

சுருள் கம்பியைத் தொட்டாள். "எரியுதுங்க, ஆனா மங்கலா."

"மங்கலா எரிஞ்சாப் போதும். கம்பி சாவல. குமிழுக்குப் பின்னாடி?"

"பளிச்சுன்னு எரியுது."

"காத்து வெளிய போற எடத்துல எதுனா கீதா, ரெண்டு ஒயரு போற மாதிரி?"

இருந்தது. எட்டணாக் காசு அகலத்தில் ஒரு கூடு, அதில் மெல்லிய தகடு ஒன்று. இரண்டு முனையையும் தொட்டாள். பல்பு செத்துக் கிடந்தது.

"புடிச்சிட்டம்மா!" தனசேகரன் அங்கே கைதட்டியது கேட்டது. "அதான் சூட்ட நிறுத்தற கன்ட்ரோலு. அத்த வுட்டுத் தள்ளுங்க. அந்த ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்திட்டு டைரக்ட் குடுத்துடுங்க. இப்பவே சூடு வந்துரும்."

ஊர் முழுக்க அதுதான் வழக்கம். எந்த மிஷினிலும் ஒரு கட்டுப்பாடு கெட்டால் அதைத் தாண்டி ஒயரை ஒட்டிவிடுவது. அப்சானா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "முறுக்குங்க ஆபா. இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க?"

மெகருன்னிசாவின் விரல்கள் ஒயரைப் பிடித்தும்விட்டன. பிறகு கேட்டாள்: "அப்ப சூடு ஜாஸ்தியானா யாரு நிறுத்துவாங்க?"

"யாரும் நிறுத்த மாட்டாங்கம்மா. நீங்கதான் பாத்துக்கினே இருக்கணும். அசந்துட்டா துணி கருகிடும்... பத்திக்கினாலும் பத்திக்கும்."

அவள் ஒயரை விட்டாள். அந்தத் தகட்டைக் கூட்டோடு கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அது ஒரு பக்கமாக வளைந்து நின்றது. மேலே பழுப்பாக, கண்ணாடி பூசினாற்போல் ஒரு படலம். நகத்தால் சுரண்டினாள். துணுக்கு விரலில் ஒட்டிக்கொண்டது. மூக்கருகில் கொண்டுபோனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மலைச் சாம்பிராணி.

குழந்தை பிறந்த வீட்டுக்கென்று இருசம்மாள் கொண்டுவந்து கொடுத்தது. புகை போடாதே என்றார் டாக்டரம்மா. ஆனால் சாம்பிராணி வாசம் படாத துணியைப் பச்சைப்பிள்ளைக்கு எப்படிப் போர்த்துவது? மெகருன்னிசாவுக்கு மனசு கேட்கவில்லை. புகைதானே கூடாது, வாசம் வரட்டுமே என்று அதைப் பொடித்து மல் துணியில் முடிந்து, துணிகளோடு உருளைக்குள் போட்டுவிட்டாள். காற்று பொடியை அள்ளிக்கொண்டு போய்ச் சூடான தகட்டில் உருக்கிவிட்டது. சூட்டில் வளைந்து கரண்டை நிறுத்திய தகடு, ஆறியபின் நிமிர முடியாமல் பிசினில் மாட்டிக்கொண்டது.

"இன்னாம்மா, சத்தத்தையே காணம்?" என்றான் தனசேகரன்.

"நாந்தாங்க கெடுத்தேன்," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். இருசம்மாள் குறுக்கே விழுந்தாள். "எங்க மலப் பிசினா குவைத்து மிஷின நிறுத்திப்புட்டுது? நல்லா சொன்ன போ! அது ஒட்டிக்கினா தண்ணிக்கும் போவாது, சோப்புக்கும் போவாது."

"ஸ்பிரிட்டுக்குப் போவும்," என்றான் தனசேகரன். "ஆனா இன்னிக்கு எந்த மருந்துக் கட தொறந்து கீது?"

அப்சானா தலையணையிலிருந்து கையை நீட்டி பீரோவைக் காட்டினாள். சர்புதீன் அனுப்பிய சென்ட் பாட்டில். அதில் சாராயம் கலந்திருக்கிறது, போட்டுக்கொண்டு தொழக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டதால் மூடிகூடத் திறக்காமல் கிடந்தது. கிண்ணத்தில் ஊற்றித் தகட்டைப் போட்டார்கள். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, குழந்தை பக்கம் வாசம் போகாமல் மெகருன்னிசா முதுகைக் காட்டி மறைத்து உட்கார்ந்தாள். சென்ட் தேநீர் நிறமானது. பல் பிரஷால் தேய்த்தாள், துடைத்தாள், விசிறியால் நன்றாகக் காயவைத்தாள். காய்ந்ததும், அவள் கையில் இருக்கும்போதே, தகடு 'டக்' என்று நிமிர்ந்தது.

அவளுக்குக் கை கூசியது. ஏதோ பூச்சியைப் பிடித்திருந்ததுபோல.

"பல்ப வெச்சுப் பாருங்க!"

பளிச்சென்று எரிந்தது. இருசம்மாள் பிளக்கைத் தரையில் வைத்துவிட்டுப் போய், அடுப்பில் காய்ச்சிய கரண்டியைக் கொண்டுவந்து தகட்டருகே காட்டினாள். டக். பல்பு அணைந்தது. கரண்டியை எடுத்தார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். டக். எரிந்தது. திரும்பவும் காட்டினார்கள். திரும்பவும். அந்தத் தகட்டுக்குக் கரண்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. சூடு இவ்வளவு போதும் என்று எப்படித் தெரிகிறது அதற்கு? மெகருன்னிசா "சுப்ஹானல்லா" என்றாள், தான் சொல்வது தனக்கே கேட்காத குரலில்.

"எனக்கும் ஒரு தபா காட்டுங்கம்மா," என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து தனசேகரன் கெஞ்சினான். கொடுத்தார்கள். டக், டக் என்று அங்கே சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை.

"புள்ள ஜில்லுன்னு கீது, அந்த ஆளு வெளையாடிக்கினு கீறாரு! வாங்குங்க ஆபா!" என்று அப்சானா கத்தினாள்.

மாட்டி, மிச்சமிருந்த திருகாணிகளை முடுக்கி, இருசம்மாள் காவல் காத்த பிளக்கைச் செருகினார்கள். உருளை சுற்றியது. மெகருன்னிசா கதவைத் திறந்து கையை விட்டாள். சூடு. முதல் துணியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக் கொடுத்தாள், பிறகு இன்னொன்று, இன்னொன்று. நடுவில் மிஷின் 'டக்' என்றதும் எல்லோருக்கும் நெஞ்சு நின்றுபோனது. "போதும்னு நிறுத்திக்கிதும்மா, பயப்படாதீங்க!" என்றான் தனசேகரன். சற்று நேரத்தில் அதுவே மறுபடி சூடு கொடுக்கத் தொடங்கியது.

மழை விடாத அந்தச் சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். போர்த்தியிருந்த துணிகளை விலக்கிக் குழந்தையின் பாதங்களைத் தன் இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். உள்ளங்கால் இளஞ்சிவப்பாக இருந்தது.

"இப்படியே வெச்சிருங்க," என்றார். "ரோடு தொறக்கற வரைக்கும் இவ தாங்கிடுவா. எதுல இந்தச் சூடு குடுக்கறீங்க?"

அப்சானா நாத்தனாரைப் பார்த்தாள். மெகருன்னிசாவுக்கு அந்தக் கேள்வி காதில் விழவில்லை. அவள் பெட்டியின் பின்பக்கத் தகரத்தில் காதை ஒட்டிவைத்து, அந்தச் சின்னச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.