ஓரத்தில் நின்ற அப்பாவும் தம்பிராசா அண்ணனும்

போன வெள்ளிக்கிழமை களுதாவளைக் கோயிலடியில் பஸ்ஸுக்கு நின்றபோது தம்பிராசா அண்ணனின் மகள் போன் எடுத்தாள். "அப்பா விடியக்காலம போயிட்டார் மாமி." பஸ் வந்தது, ஏற மறந்துவிட்டேன். மட்டக்களப்பில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவரைத் தெரியும். பிந்திப் பிறந்தவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் தியேட்டரில் படம் ஓட்டியவர்.

அகலத்திரைப் படங்கள் வந்த காலம் அது. பிலிமில் ஆட்களை ஒடுக்கி ஒல்லியாகப் பதித்திருப்பார்கள். மெஷினுக்கு முன்னால் மாட்டும் ஒரு லென்ஸ் அவர்களை மறுபடி இரண்டு மடங்கு அகலமாக்கும். அதெல்லாம் சரிதான், எங்கள் தியேட்டரோ பழைய நெல்லுக் களஞ்சியம். நீளம் உண்டு, அகலம் இல்லை. படத்தின் இரண்டு ஓரமும் திரையைத் தாண்டி, பக்கச் சுவர்களின் கரும்பச்சைப் பூச்சில் விழுந்து காணாமல் போயின. ஊர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கதாநாயகன் நடுவில்தானே நிற்கிறான்.

என் அப்பா ஓரத்தில் நின்றார். மட்டக்களப்பு வாவியில் எடுத்த ஒரு படத்தின் பாட்டுக் காட்சியில், இடப்பக்கம் தோணி வலித்துப் போனவர் அவர். படம் வருமுன்னே காய்ச்சலில் இறந்துவிட்டார். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். தோணியின் முன்பாதி தெரிந்தது. அப்பா சுவரில் கரைந்துபோனார். அம்மா கதிரையை விட்டு எழும்பிப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

படம் முடிந்ததும் தம்பிராசா அண்ணன் இறங்கி வந்தார். "எந்தப் பக்கம் அக்கா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் இடப்பக்கச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பு. முதலாளி ஏசினாராம். "ஓரத்தில நிக்கிற ஆளும் படத்திலதானே நிக்கிறார்" என்றாராம் இவர். அன்று அப்பாவைப் பார்த்தோம், சுவர் மூலையில் மடிந்து, துடுப்பு திரையிலும் ஆள் சுவரிலுமாக. அம்மா மூன்று நாள் தொடர்ந்து போனார்.

அகலப் படங்கள் பிறகு குறைந்தன, தியேட்டரும் மூடியது. பல வருசம் கழித்து அந்தப் படத்தை ரீவியில் போட்டார்கள். வாவி வந்தது, பாட்டு வந்தது, அப்பா வரவில்லை. ஏதோ அண்ணன் செய்த பிழை மாதிரி அவர் வீட்டுக்கே சண்டைக்குப் போனேன்.

"பெட்டி சின்னன் பிள்ள. பெரிய படத்த அதுக்க அடைக்கிறதெண்டா ரெண்டு ஓரத்தயும் வெட்டத்தானே வேணும்" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு துண்டுப் பிலிம் கொண்டுவந்தார். நாலு கட்டம். நாலிலும் அப்பா, ஈர்க்கு மாதிரி ஒல்லியாக. "ரீல் அறுந்த நேரம் மிஞ்சினது. ரெண்டு மடங்கு அகலிச்சுப் பாரு, ஆள் வருவார்."

அண்மையில் என் மகன் கம்ப்யூட்டரில் அகலித்துத் தந்தான். அப்பாவுக்கு நல்ல அகன்ற தோள். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

செத்தவீட்டில் அண்ணனின் மனைவியிடம் இதைச் சொன்னேன். "அறுந்ததெண்டா சொன்னவர்?" என்றார். "அறவே இல்ல. ரீலத் திருப்பி அனுப்புற அண்டைக்குக் கத்தரிக்கோலால வெட்டி ஒட்டினவர். தெரிஞ்சா வேல போயிரும் எண்டு ஒரு மாசம் ஒழுங்காச் சாப்பிடல்ல. அந்தப் பயத்திலதான் உங்கட அம்மாக்கும் காட்டல்ல."

அந்த நாலு கட்டமும் என்னிடம் இருக்கின்றன. அவை இல்லாமல் அந்த ரீல் பிறகு எத்தனை ஊரில் ஓடியதோ. ஓடிய இடமெல்லாம் வாவியில் ஒரு தோணி ஒரு கணம் துள்ளியிருக்கும். ஏனென்று அங்கே எவருக்கும் விளங்கியிருக்காது.