தாளித்த குழம்பும் தெய்வக் குற்றமும்

"அப்போ நீ மட்டும் எதுக்கு அம்புட்டு நாளும் தாளிக்காம இருந்தே?"

செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் ராமலட்சுமி என்னிடம் கேட்ட கேள்வி இது. இதை எழுதும் இந்த நிமிஷம் வரையில் எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் தெருவில் — ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பின்பக்கம் — போன மாதம் இரண்டு வீடுகளில் அம்மை கண்டது. ஒன்று என் வீடு, என் மகனுக்கு. இன்னொன்று அடுத்த வீடு. ராமலட்சுமியின் மூன்று வயதுப் பெண்ணுக்கு. இரண்டு வாசலிலும் வேப்பிலை. இரண்டு அடுப்பிலும் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. கடுகு வெடிக்கிற சத்தமும் வாசமும் அம்மனுக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே?

என் மகன் எழுந்துவிட்டான். இப்போது பூனையின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான். அவள் பெண் எழவில்லை.

அழவும் கூடாதாம். அம்மனே வந்து எடுத்துக்கொண்ட பிள்ளை. அழுதால் அம்மன் மனம் கோணும், தெருவில் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆகாது என்றார்கள். ராமலட்சுமி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

பெற்றவளை அழாதே என்று சொல்ல இவர்கள் யார்? ...இப்போது கேட்கிறேன். அன்றைக்கு என் மகன் பாயில் கிடந்தான். 'ஐயோ, அவள் அழுதுவிடக் கூடாதே' என்றுதான் நானும் பதறினேன்.

அதற்குப் பிறகு பேச்சு கிளம்பியது. குழந்தை கிடந்தபோது ஒரு நாள் அந்த வீட்டில் குழம்பு தாளித்தார்களாம். அதனால் தெய்வக் குற்றமாம். குழந்தையைக் கொன்றவளே தாய்தானாம்!

தாளித்தது அவள்தான். தாளிக்கச் சொன்னது யார்? அவள் மாமனார். எத்தனை நாளைக்கு இந்தச் சப்பென்ற குழம்பைத் தின்பது என்று கத்தி, சோற்றுக் கும்பாவைத் தள்ளிவிட்டு எழுந்தவர் அவர். அவர்கள் அடுப்படிக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் காதால் கேட்டேன். அதைப் பற்றித் தெருவில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டில் நாலு பேர் கூடி வேதாந்தம் பேசுவது வழக்கம். என் கணவருக்கு அதில் பெருமை. அடுத்த வீட்டு மாமா — அதே மாமனார்தான் — அந்தச் சபைக்குத் தலைவர் மாதிரி. பேத்தி போன வீட்டுக்காரர் இதற்குள் வரலாமா என்கிறீர்களா? அம்மன் எடுத்துக்கொண்டால் துக்கம் கிடையாதே. வந்துவிட்டார்.

அன்றைய விஷயம்: கடவுள் கருணை உள்ளவரானால் உலகத்தில் தீமை எதற்கு?

மிஷன் ஸ்கூல் உபதேசியார், ஆதி மனிதன் செய்த பாவம் என்றார். சின்ன வக்கீல், கடவுளே கிடையாது, பிறகு கேள்வி எங்கே என்று சிரித்தார். மாமா இருவரையும் கையமர்த்தினார். எல்லாம் முற்பிறப்பு வினை; அவரவர் செய்ததற்கு அவரவர்தான் பொறுப்பு; கடவுள்மேல் பழி போடுவது அறிவீனம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அவரவர்தான் பொறுப்பா? கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டுவிட்டேன்.

"மாமா, அன்னைக்கு உங்க வீட்டுல குழம்பு தாளிக்கச் சொன்னது யாரு?"

வக்கீல் வெற்றிலையைத் துடைக்க ஆரம்பித்தார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பொம்பளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தா இப்படித்தான் வந்து நிக்கும்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். என் கணவர் அன்று என்னோடு பேசவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? நானும் ஒரு ராத்திரி அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாளே ராமலட்சுமிமேல் இன்னொரு குற்றம் ஏறியது — வீட்டுக் கதையை வெளியே சொன்னாளாம். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருகிற அமாவாசை கழிந்ததும் சேத்தூரில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறார்கள். திரும்பக் கூப்பிடும் பேச்சே இல்லை. அவள் புருஷனுக்கு ராஜபாளையத்தில் வேறு பெண் பார்க்கிறார்களாம்.

செய்தது யார்? நான்தானே? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமோ? அப்படி இருந்திருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா?

கிணற்றடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, தாளிச்சதால ஒண்ணும் ஆகலை. அது நோய். உன்மேல ஒரு தப்பும் கிடையாது."

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். கோபமே இல்லாமல் கேட்டாள் — முதல் வரியில் இருக்கிற அந்தக் கேள்வியை.

என்ன சொல்வது? அம்மை ஒரு நோய் என்று ஸ்கூலில் படித்தவள் நான். இருந்தும் எண்ணெய்ச் சட்டியைத் தொடவில்லை. அதனால்தான் மகன் பிழைத்தான் என்று நினைத்தால், அவளைக் கொலைகாரி என்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதனால் இல்லையென்றால்... ஒரே தெரு, ஒரே கிணறு, ஒரே அம்மன். என் பிள்ளை மட்டும் ஏன் பிழைத்தான்?

ஒன்று மட்டும் தெரிகிறது. பதில் தெரியாத இடத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். கடவுளுக்கும் பழி இல்லை, மாமனாருக்கும் பழி இல்லை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவரும் படிப்பார். படிக்கட்டும்.

தாய்மார்களே, எனக்கு வேதாந்தம் எழுதி அனுப்ப வேண்டாம். அது ஞாயிறுதோறும் வீட்டிலேயே கிடைக்கிறது. உங்களில் யாராவது, அம்மை கண்ட வீட்டில் தெரியாமலோ, யாரோ அதட்டியோ தாளித்துவிட்டு, அப்படியும் பிள்ளை பிழைத்துக்கொண்டதைப் பார்த்திருப்பீர்கள். என்னைப்போலத் தாளிக்காமல் இருந்தும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருப்பீர்கள். எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். அமாவாசைக்கு முன்னால் வந்தால் போதும்; அந்த வீட்டு வாசலில் நின்று உரக்கப் படிக்கிறேன்.

அப்படி ஒருத்திகூட இல்லையென்றால்... தயவுசெய்து அதை மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.