பூ வைத்துக்கொண்டு மலைக்குப் போனவள்

"ஐம்பது வயதுப் பெண்மணி, முட்டி வலியோடு கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறாளாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?"

நம் வாசகர் குழுவில் ஒரு சார், இந்த மாதத் துப்பறியும் நாவலுக்கு ஒரே நட்சத்திரம் கொடுத்து இப்படி எழுதியிருந்தார். கீழே ஏகப்பட்ட கைதட்டல்.

இன்று காலை புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் இதைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் அதே ஐம்பது வயதில் ஓர் அம்மா.

"எங்கம்மா போய்க்கினு கீற?"

"மலைக்கு" என்றேன். வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அவர் என் தலையைப் பார்த்தார்.

"மலையில பூவெல்லாம் சாமிக்குத்தான். மல்லி வெச்சிக்கினு யாராச்சும் போவாங்களா? மடியில ஃபைலு வேற. வேலை கேக்கப் போறியா? வூட்ல சொல்லலியா?"

உண்மைதான். புதிதாகத் திறக்கும் ஓட்டலில் இன்டர்வியூ. "இந்த வயசுல உனக்கு எவன் வேலை குடுப்பான்?" என்று முன்பு கேட்ட என் கணவர்தான், பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். பூ அவர் கண்ணில் படவே இல்லை.

வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் இதைப் படித்தே தெரிந்துகொள்ளட்டும். நாவலுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டேன்.

ஒற்றை நட்சத்திர சார், உங்களிடம் ஒரே கேள்வி.

உங்கள் வீட்டம்மா இன்று எங்கே போயிருக்கிறார்?