நான்கு வாரம் பச்சை: செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம்

படூரில் குடியிருப்பவள் மாமல்லபுரம் போவதென்றால், நேராகத் தெற்கே பேருந்து ஏறினால் போதும், முக்கால் மணி நேரம். நானோ போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மேற்கே வண்டலூர் போய், ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து மறுபடி கிழக்கே கடலுக்கு வந்தேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான். காரணம் ஜெசிமா.

நான் நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புராஜெக்ட் மேனேஜர். வயது நாற்பத்து மூன்று. போன வருடம் எங்கள் அலுவலகத்தில் ஒரு புது ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு மேனேஜருக்கும் வேறு பிரிவிலிருந்து ஒரு மென்டார். மாதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். பேசியது மேலிடத்துக்குப் போகாது. எனக்கு வந்து வாய்த்தவள் ஜெசிமா. என்னைவிட ஏழு வயது சின்னவள். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். இவள் எனக்கு வழி காட்டுவதா என்று முதல் நாளே எனக்குக் கடுப்பு.

கடுப்பு குறையவும் இல்லை. ஏனென்றால் அவள் எதையும் சொல்லித் தர மாட்டாள். கேள்வி மட்டும் கேட்பாள். "அப்புறம் என்ன செஞ்சீங்க?" "அதை ஏன் நீங்க செஞ்சீங்க?" "வேற யார் செஞ்சிருக்கலாம்?" ஆறு மாதம் இப்படியே போயிற்று. ஏழாவது சந்திப்புக்கு, "அக்கா, ஆபீஸ் ரூம்ல நீங்க ரிப்போர்ட் படிக்கிற மாதிரியே பேசறீங்க. எங்க ஊருக்கு வாங்க, மாமல்லபுரம் போய்ப் பேசலாம்" என்றாள். சரி என்றேன். அந்த வாரம் எனக்கு யாராவது எங்கேயாவது கூப்பிட்டால் போதும் என்றிருந்தது.

அது ஏன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கையில் இருந்தது ஒரு மருத்துவமனை வேலை. பழைய மென்பொருளில் இருக்கும் நோயாளிகளின் விவரங்களைப் புதியதற்கு மாற்ற வேண்டும். மூன்று வாரத்தில் புதியது ஓடத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அனுப்பும் அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு: எல்லாம் ஒழுங்காக நடந்தால் பச்சை, ஆபத்தென்றால் சிவப்பு. சோதனை ஓட்டம் ஒன்றில் சில நோயாளிகளின் 'இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது' என்ற குறிப்பு மட்டும் புதியதில் வந்து சேரவில்லை. அடுத்த வாரத்துக்குள் சரிசெய்துவிடலாம் என்று பச்சை போட்டேன். அடுத்த வாரமும் சரியாகவில்லை. இப்போது சிவப்பு போட்டால் போன வாரப் பச்சை பொய் என்றாகிவிடுமே என்று மறுபடி பச்சை. இப்படி நான்கு பச்சை. திங்கட்கிழமை மருத்துவமனையின் பெரியவர்களோடு கூட்டம். இது ஒரு ஆளுக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை 7.15க்குப் படூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம், நான்கு கிலோமீட்டர், இருபது ரூபாய். அங்கிருந்து வண்டலூருக்குப் பத்தொன்பது கிலோமீட்டர். சாதாரணப் பேருந்து கிடைத்ததால் கட்டணம் இல்லை, பெண்களுக்கு அது ஒரு சௌகரியம். வண்டலூரில் 8.32 ரயில், பத்து ரூபாய். சனிக்கிழமையானாலும் மறைமலைநகர் வரை கூட்டம் இருந்தது. தொழிற்சாலைச் சட்டைக்காரர்கள் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. பரனூர் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலுக்கு வந்துவிடுங்கள். கொளவாய் ஏரி கூடவே வரும். நான் பார்க்கவில்லை. எக்செல்லில் போட்டு வைத்திருந்த அன்றைய பயணத் திட்டத்தில் பதினோரு நிமிடம் தாமதம் ஏற்பட்டிருந்தது, அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷன் வாசலில் ஜெசிமா நின்றிருந்தாள். திட்டத்தைக் காட்டினேன். "இதுல டீ குடிக்கறதே இல்லையேக்கா" என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். டீயும் இடியாப்பமும் முடிய 10.05. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கும் பேருந்து நிலையத்தில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் வண்டி. இருபத்தொன்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வழியெல்லாம் வயல், குன்று, ஏரி. அதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை, போன் வந்துகொண்டே இருந்தது. அன்று என் குழு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் ஜன்னலில் தெரியும்போது ஜெசிமா மெதுவாகச் சொன்னாள்:

"ஆறு போன் வந்துச்சுக்கா. ஆறுக்கும் ஒரே பதில் சொல்லிட்டீங்க."

"என்ன பதில்?"

"நான் பாத்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "பொறுப்பு என்னோடதுதானே? வேற யார் பாத்துப்பா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், ஆறு மாதமாக அவள் என்னிடம் கேட்டுவந்த கேள்வி அது என்று உறைத்தது. அவள் கடலை மிட்டாய் ஒன்றை உடைத்துப் பாதியைக் கொடுத்தாள்.

மாமல்லபுரம் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து ரதங்கள் ஒன்றரை கிலோமீட்டர். வெயில் ஏறிவிட்டதால் ஆட்டோ கேட்டோம். "இன்னாக்கா, அஞ்சு ரதமா? எம்பது ரூபா குடு" என்றார் ஓட்டுநர். ஜெசிமா அறுபது என்றாள். "அறுபதுக்கு வண்டி வராதுக்கா. நான் வேணா கூட நடந்து வரேன்" என்றார். சிரித்துவிட்டு எழுபதுக்கு ஏறினோம். நுழைவுச்சீட்டு ஆளுக்கு நாற்பது. அதைத் தொலைக்காதீர்கள், அதே நாளில் கடற்கரைக் கோயிலுக்கும் செல்லும்.

ஐந்து ரதங்களுக்கு நான் நாலைந்து தடவை போயிருக்கிறேன். கோபுரத்தையும் யானையையும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். ஜெசிமா மென்பொருளுக்கு வருமுன் கட்டட வேலையில் மேற்பார்வை பார்த்தவள், அதனால் அவள் கண் நேராகக் கீழே போயிற்று. பீம ரதத்தின் மேல்பகுதி அவ்வளவு நேர்த்தி. அடிப்பகுதியில் பாறை இன்னும் பாறையாகவே இருக்கிறது. உளி வைத்த தடம் அப்படியே நிற்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"வேலை முடியாதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு, ராஜாகிட்டப் போய் யாருக்கா சொல்லியிருப்பாங்க?" என்றாள்.

அவள் சும்மா கேட்டதுதான். என் வேலையில் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து நான்கு பச்சையையும் சொன்னேன். மருந்து ஒத்துக்கொள்ளாத விஷயத்தைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். சொல்லி முடித்ததும் அழுகை கோபமாக மாறிற்று, என் சுபாவம் அப்படி. "ஆறு மாசமா கேள்வியா கேக்கறியே, இன்னைக்காவது ஒரு பதில் சொல்லேன். நான் என்ன பண்ணணும்?" என்று சத்தம் போட்டேன். பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் ஜெசிமா. "நிஜமாவே தெரியாது. உங்க வேலை எனக்கு என்ன தெரியும்? தெரியாததுனாலதான் கேட்டுக்கினே இருக்கேன். நீங்க என்னமோ நான் விடைய வச்சிக்கினு மறைக்கிறேன்னு நினைச்சிட்டீங்க." பிறகு என் கைப்பையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்டதில்லை. வினோத்துக்குப் போன் போட்டேன். விவரங்களை மாற்றும் பகுதி அவருடையது; முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள், எட்டு வருடமாக என்னோடு வேலை செய்கிறார். 'வினோத், அந்த ஒத்துக்கொள்ளாத மருந்துக் குறிப்பு...' என்று நான் ஆரம்பித்ததுமே குறுக்கிட்டார்.

"தெரியும் மேடம். மொத வாரமே பாத்துட்டேன். யார் யாருக்கு வரலைன்னு ஒரு ஷீட்டுல பேர் பேரா எழுதி வச்சினு இருக்கேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்ல வந்தப்பவே நீங்க பாத்துக்கறேன்னு சொல்லிட்டீங்க மேடம். அதுக்கப்புறம் அறிக்கையில பச்சையும் போட்டீங்க. திரும்பிக் கேட்டா உங்களை நம்பாத மாதிரி ஆயிடும்னு இருந்துட்டேன். ராத்திரியில சரியா தூக்கம்கூட வரலை."

நான் தனியாகச் சுமக்கிறேன் என்று நினைத்த நான்கு வாரமும் அந்த மனிதரும் சுமந்திருக்கிறார், என் வாயால் வந்த இரண்டு வார்த்தைக்காக. எனக்கு வெட்கமாக இருந்தது. நல்லபடியாக மன்னிப்புக் கேட்கக்கூட வரவில்லை. "திங்கட்கிழமை சொல்லப்போறேன் வினோத்" என்று மட்டும் சொன்னேன். "சரி மேடம்" என்றார். அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது.

மதியம் கடற்கரைக்குப் போகும் தெருவில் சாப்பாடு, இரண்டு பேருக்கும் இருநூற்று எண்பது. மூன்றரை மணிக்குக் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் உட்கார்ந்தோம். ஜெசிமா, "நான்தான் மருத்துவமனைக்காரங்க. சொல்லுங்க" என்றாள். நான் ஆரம்பித்தேன்: சர்வர் மாற்றம், ஆள் பற்றாக்குறை, விடுமுறை, பழைய மென்பொருளின் கோளாறு. மூன்று நிமிடம் கழித்து, "எனக்கு இன்னும் என்ன தப்புன்னே புரியலையே" என்றாள். மறுபடி சொன்னேன். "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள். மறுபடியும். பக்கத்தில் சவாரிக்கு ஆள் வராமல் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கே பொறுக்கவில்லை.

"இன்னாமா, அரை மணியா அதையே சொல்லிகினு கீற? தப்பு நடந்துபோச்சுன்னா போச்சுன்னு சொல்லு. இன்னாத்துக்கு இவ்ளோ இழுக்கற?"

ஜெசிமா மணலில் சரிந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், நான்கு வாரத்தில் முதல் தடவை. ஏழாவது முறை சொன்னபோது இரண்டே வாக்கியத்தில் வந்து நின்றது. அந்த ஏழு முறையை நான் அலுவலக அறையில் உட்கார்ந்து ஒரு நாளும் செய்திருக்க மாட்டேன். குதிரைக்காரர் சவாரிக்கு நூற்றைம்பது கேட்டார். ஏறவில்லை, ஆனால் ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம்.

5.40க்கு அவளைச் செங்கல்பட்டு வண்டியில் ஏற்றிவிட்டு, 6.05க்கு நான் வடக்கே போகும் வண்டி பிடித்தேன். படூர் 6.55.

போக நினைப்பவர்களுக்கு: ஐந்து ரதங்களில் நிழல் குறைவு, பத்து மணிக்கு முன்போ மூன்றுக்குப் பிறகோ போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு வழி சுற்றுதான், ஆனால் ஏரிக்காகவும் திருக்கழுக்குன்றம் சாலைக்காகவும் ஒரு தடவை போகலாம். என்னைப் போல் போனைப் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். எனக்கு மொத்தச் செலவு நானூற்றுச் சொச்சம். என்னைப் போன்ற வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உங்கள் அலுவலகத்தில் மென்டார் தருகிறார்கள் என்றால் வயதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். உங்கள் வேலை தெரியாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. பதில் சொல்பவர்கள் நமக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், நாம் சொல்வதை உட்கார்ந்து கேட்கிறவர்கள்தான் குறைவு. ஜெசிமாவுக்கு இதை நேரில் சொல்ல எனக்குக் கூச்சம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

பேருந்து விவரம் மட்டும் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குத் திங்கட்கிழமை.

கூட்டம் பத்து மணிக்கு. முதல் ஆளாகப் பேச அனுமதி கேட்டேன். "சில நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துக் குறிப்பு புதிய மென்பொருளுக்கு வரவில்லை. இது எனக்கு நான்கு வாரமாகத் தெரியும், நான் பச்சை போட்டு மறைத்தேன்." அவ்வளவுதான். மேசையின் அந்தப் பக்கம் மருத்துவமனையின் மூத்த மருத்துவர் ஒருவர், ஐம்பது வயதுப் பெண்மணி, என்னையே பார்த்தார். "எத்தனை பேருக்கு வரலை?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "வினோத் சொல்வார்" என்றேன்.

வினோத் எழுந்து அந்தத் தாளைத் திரையில் போட்டார். முப்பத்தெட்டுப் பெயர்கள். மருத்துவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். நான்காவது பெயரில் நின்றுவிட்டார்.

"இந்தம்மா இப்ப என் வார்டுல இருக்காங்க. பழைய சிஸ்டத்துல அந்தக் குறிப்பைப் பார்த்துட்டுத்தான் நேத்து ஊசியை மாத்தினேன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மூணு வாரம் கழிச்சு வந்திருந்தாங்கன்னா?" என்றார்.

புதியது ஓடத் தொடங்கும் தேதி ஆறு வாரம் தள்ளிப்போயிற்று, இந்த வருடத்துப் பதவி உயர்வு எனக்கு இல்லை என்று என் மேலதிகாரி அன்று மாலையே சொல்லிவிட்டார். புதன்கிழமை வினோத் என் மேசைக்கு வந்து, அந்த அம்மா நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டாராம் என்றார்.