மண்டூர்த் துறையில் ஜெர்மன் தாள்

மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், எங்கள் பேச்சில் 'பாதை'யில், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நாளை கொழும்பில் ஜெர்மன் பரீட்சை. தேறினால்தான் ஜெர்மனியில் இருக்கும் கணவரிடம் போக விசா.

நேற்று அவர் தொலைபேசியில் தன் பக்கத்து வீட்டு ஜெர்மன் பெண்ணை என்னோடு பேசவைத்தார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. காரணம் வகுப்பில் தந்த தாளில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்நாட்டு மடத்துத் துறவிகள் அவரவர் ஊர்ப் பேச்சையே எழுதினார்களாம். வடக்கே ஆப்பிள் 'அப்பெல்', தெற்கே மலைப்பக்கம் 'அப்ஃபெல்'. எல்லோருக்கும் பொதுவான எழுத்து மொழி வெகுகாலம் கழித்தே வந்திருக்கிறது. நான் படித்தது அதைத்தான். கணவர் இருக்கும் தெற்கில் ஊர்ப் பேச்சு இன்னும் தனியாகவே இருக்கிறதாம். இதே பாதையில் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று நினைக்கிறேன்.

துணி மூட்டையோடு நிற்கும் காத்தான்குடி முஸ்லிம் அக்கா ஒருவர், ராத்தா, என் கலங்கிய கண்ணைப் பார்த்து விசாரிக்கிறார். சொல்கிறேன்.

"நானும் குர்ஆன் ஓதிப் படிச்ச அறபோடதான் குவைத்துக்கு வேலைக்குப் போனன், மகள். அந்த வீட்டாக்கள் பேசினது ஒண்டும் விளங்கல்ல. நான் வாயத் திறந்தா சிரிப்பாங்க."

"பிறகு, ராத்தா?"

"அழுறத்துக்கு ஒரு மாசம், பேசுறத்துக்கு மூணு மாசம். பிறகு வீட்டுக்காரியோட அவட பேச்சிலேயே சண்டை புடிச்சன்."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறேன்.

"அழ அங்க ஒரு மாசம் கிடக்கு. இப்பவே ஏன் தொடங்குறீங்க?"

எதிர்க்கரையான குருமண்வெளித் துறை வந்துவிட்டது. நான் பையோடு இறங்க வசதியாக அவர் மகளைக் கரைவரை வாங்கிக்கொள்கிறார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு பஸ்ஸுக்கு இறங்குகிறேன்.