தீர்மானிக்க முடியாது

ஆடி அமாவாசை அன்று எங்கள் ஒழுங்கையில் மீன் மணக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். செத்துப்போன தகப்பனுக்காகப் பிள்ளைகள் விரதம் பிடிக்கும் நாள் அது. முள்ளியவளையில் விரதம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அன்று அந்த வீடுகளில் எல்லோருக்கும் மரக்கறிதான், அந்த விரதத்துக்கென்றே சமைக்கும் காத்தோட்டிக்காய்க் கறியும் கட்டாயம் இருக்கும். மீன் விற்கிறவர் எங்கள் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டார். அதனால் அம்மா முதல் நாளே வாங்கி, புளி விட்டுக் குழம்பு வைத்துவிடுவார். இந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று ஊருக்குச் சொல்லும் குழம்பு அது.

கடைசிச் சண்டை முடிந்தபோது ஆமிக்காரர் அப்பாவை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அம்மாவையும் என்னையும் வேறொரு பஸ்ஸில் ஏற்றினார்கள். எங்கள் பஸ் செட்டிகுளம் முகாமில் போய் நின்றது. அவருடைய பஸ் எங்கே போய் நின்றது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா இன்றும் குங்குமம் வைக்கிறார், படலைக்குப் பூட்டுப் போடுவதில்லை. நானும் விரதம் பிடிப்பதில்லை. பிடித்தால் அந்தக் குங்குமத்தை நானே அழித்தது போலாகிவிடும்.

இந்த வருடம் அந்த நாளில்தான் பரீட்சை வந்தது. சட்டப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சை, எனக்கு மூன்றாவது தடவை. மொழியும் பொது அறிவும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு முறையும் என்னை விழுத்தியது தர்க்கக் கேள்விகள். சட்டம் படித்தால் அப்பாவைப் பற்றி எங்கே, எப்படிக் கேட்பதென்று தெரியும். அந்த ஆசையில்தான் தொடங்கினேன். இந்த முறையும் தவறினால் நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடையோடு என் காலம் போய்விடும் என்று பயமாக இருந்தது.

என்னோடு சேர்ந்து படித்த சிநேகிதி பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் இருப்பவள். அவளும் அதே பரீட்சைதான் எழுதினாள். அவளுடைய தகப்பன் ஷெல் விழுந்து இறந்தவர். பங்கருக்குப் பக்கத்திலேயே அவரைப் புதைத்தார்கள். அவள் கிட்ட நின்று பார்த்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பயிற்சித் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வியில் விரலை வைத்தாள். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் எப்போதும் வீதியில் தண்ணீர் ஏறும். இன்று வீதியில் தண்ணீர் இல்லை. ஆகவே என்ன முடிவு? குளம் வான் பாயவில்லை என்பதுதான் விடை. நான் ‘தீர்மானிக்க முடியாது’ என்று போட்டிருந்தேன்.

“எடி, இதில தீர்மானிக்க ஏலாமல் என்ன இருக்கு?”

“ஆரும் மண்மூட்டை அடுக்கித் தண்ணியை மறிச்சிருக்கலாம் தானே.”

“மண்மூட்டை தாளில இருக்கோ?”

“இல்லை.”

“பிறகேன் அதை நீ கொண்டு வாறாய்?” என்றாள். மற்றத் தாள்களையும் புரட்டினாள். “இஞ்ச பார். நீ பிழைவிட்ட எல்லாத்திலயும் இதைத்தான் போட்டிருக்கிறாய்.”

பார்த்தேன். உண்மைதான். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவளுக்கென்ன, கண்ணால் கண்டவள் என்று நினைத்தேன். நினைத்த உடனே என் மேலேயே வெறுப்பாகிவிட்டது. தகப்பனைப் புதைக்கக் கண்டவளைப் பார்த்துப் பொறாமைப்பட வைத்த ஊர் இது.

அதற்குப் பிறகு அவள் சொன்னபடி செய்து பழகினேன். முதலில் முடிவு, பிறகு காரணம், இரண்டுக்கும் நடுவில் சொல்லாமல் விட்ட எடுகோள். தாளுக்கு வெளியே போகக் கூடாது. விடைகள் சரிவரத் தொடங்கின, ஆனால் நித்திரை குறைந்தது. ஒவ்வொரு விடையும் படலையைப் பூட்டிவிட்டு, வெளியே யாரும் நிற்கிறார்களோ என்று யோசிப்பது போல இருந்தது.

பரீட்சை வவுனியாவில். அவள் விரதத்தோடு வந்தாள், ஒரு மிடறு தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மண்டபத்தில் தாளைப் புரட்டிக்கொண்டு போனவள் ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். பஸ்ஸில் ஏறிய எல்லோரும் கடைசித் தரிப்பில் இறங்கினர். இறங்கியவர்களில் ஆசிரியர் எவரும் இல்லை. ஆகவே?

ஏறிய எல்லோரும் இறங்கினர். அந்த வசனத்தை எழுதியவர் கொடுத்துவைத்தவர். என் கை தானாகவே ‘தீர்மானிக்க முடியாது’ பக்கம் போனது. மண்மூட்டை தாளில் இருக்கோ என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. ஏறியவர்களில் ஆசிரியர் எவரும் இல்லை என்ற விடைக்குப் புள்ளடி போட்டேன். அப்பா ஆசிரியர் இல்லை. என்றாலும் அடுத்த கேள்விக்குப் போகமுன் அந்த வசனத்தை இன்னொருமுறை வாசித்தேன்.

வீட்டுக்கு வரப் பொழுதுபட்டுவிட்டது. அம்மா குசினியில் எனக்குச் சோறு போட்டு, சட்டியில் இருந்த இரண்டு மீன் துண்டுகளையும் என் தட்டிலேயே வைத்தார்.

“கேள்வியள் எப்பிடிப் பிள்ளை?”

“இந்த முறை பரவாயில்லை அம்மா. உங்களுக்கு மீன்?”

“எனக்கு வயித்துக்குச் சரியில்லை. நீ சாப்பிடு.”

போன ஆடி அமாவாசைக்கும் அவருக்கு வயிறு சரியில்லை. அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான். தண்ணீர் வார்க்க எழும்பினேன். அடுப்பு மூலையில் ஒரு சின்னச் சட்டியின் மூடி சரிந்து கிடந்தது. உள்ளே, அடியில் கொஞ்சம் காத்தோட்டிக்காய்க் கறி.

காலையில் இருந்து தர்க்கம் பார்த்த தலை சும்மா நிற்கவில்லை. அம்மாவின் தகப்பன் இன்றும் கிளிநொச்சியில் வயலோடு நிற்கிறார். ஆகவே இந்தக் கறி அவருக்காக இருக்க முடியாது. இத்தனை வருடமும் மீன் குழம்பு அம்மாவுக்குத் தேவை என்று நம்பி, அவருக்காகவே தின்றேன். அந்த எடுகோளை நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. நான் பிடிக்காத விரதத்தை அம்மா பிடித்திருக்கிறார், அப்பா இனி வரமாட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தகப்பனில்லாத பிள்ளையாகிவிடக் கூடாதென்று எனக்காகத்தான் மீன் சமைத்திருக்கிறார்.

“என்ன பிள்ளை, அங்க நிண்டு பாக்கிறாய்?”

“ஒண்டுமில்லை அம்மா.”

மூடியைச் சரியாக வைத்தேன். திரும்பி வந்து இருந்து, இரண்டு துண்டுகளையும் முள் மட்டும் மிஞ்சச் சாப்பிட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா வந்தால் முதல் இந்தக் குழம்பைத்தான் கேப்பார் அம்மா,” என்றேன்.

“ஓம்,” என்றார் அம்மா.